எட்டு போட்டவர்கள்

‘ஃபிகர் ஸ்கேட்டிங்’ என்ற பெயரில் வருகிற ‘ஃபிகர்’ எதைக் குறிக்கிறது என்று ரொம்ப நாள் நான் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நாட்களில் எங்கள் கூட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். டிவியில் பளபளக்கும் உடையில் ஐஸ் மேல் சுழலும் பெண்களைப் பார்த்துவிட்டு, “பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்கான்” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த ஃபிகர் ஆள் இல்லை, ஒரு கோடு என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. காலில் கட்டிய பிளேடு ஐஸில் கீறிவிட்டுப் போகும் வட்டம். இரண்டு வட்டம் ஒட்டிக்கொண்டால் எட்டு. நம்ம ஊரில் டூவீலர் லைசென்ஸுக்குப் போனால் காலை ஊன்றாமல் போட்டுக் காட்டச் சொல்வார்களே, அதே எட்டு. 1972 வரை உலக சாம்பியன் யார் என்பதில் பாதியையோ, பாதிக்கு மேலோ தீர்மானித்தது இந்த எட்டுதான். தாவலோ நடனமோ இசையோ அதற்குப் பிறகுதான். 1990க்குப் பிறகு உலகப் போட்டிகளில் அது கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த எட்டால் தங்கம் வாங்கிய ஒரு பெண், இதே எட்டால் தங்கத்தைத் தவறவிட்ட இரண்டு பெண்கள். இந்த மூவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். தொடங்கும்போது எனக்கு யார் பக்கம் நியாயம் என்பதில் சந்தேகமே இல்லை. முடிக்கும்போது அப்படி இல்லை.

*

ஸ்கேட்டின் பிளேடைக் கூர்ந்து பார்த்தால் அது கத்தி மாதிரி ஒற்றை முனையாக இருக்காது. அடிப்பக்கம் நடுவில் மெல்லிய பள்ளம் ஓடும். அதனால் இரண்டு விளிம்புகள்: உள்விளிம்பு, வெளிவிளிம்பு. நேராக நின்றால் இரண்டும் பதிந்து ஐஸில் இரட்டைக் கோடு விழும். உடம்பைச் சாய்த்தால் ஒரு விளிம்பு மட்டும் கடித்துக்கொள்ளும்; பாதை தானாக வளையும். ஃபிகர் ஸ்கேட்டிங்கின் மொத்தக் கணக்கும் இந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கனவான்களுக்கு ஐஸ் என்பது வரைபலகை. உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, கையைக் காலை வீசாமல், அழகான உருவங்களைக் கீறுவதே கலை என்று நினைத்தார்கள். அதற்கு நேரெதிராக வந்தார் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர். பாலே நடனம் தெரிந்தவர். இசைக்கு ஐஸில் ஆடிக் காட்டினார். சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லாமல் 1860களில் ஐரோப்பாவுக்குப் போனார். வியன்னா நகரம் அவரைக் கொண்டாடியது. 1875இல் பின்லாந்தில் இறந்துபோனார். கோடு வரைவதா, நடனம் ஆடுவதா என்ற சண்டை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

1892இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் உருவானது. 1896இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் உலக சாம்பியன்ஷிப். சங்கம் கண்டுபிடித்த தீர்வு நம்ம ஊர் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி: இரண்டும் வேண்டும். முதலில் எல்லோரும் ஒரே மாதிரியான கட்டாய ஃபிகர்களைப் போட வேண்டும். பிறகு அவரவர் விருப்பப்படி இசையோடு ஆடலாம். இரண்டையும் கூட்டி யார் சாம்பியன் என்று பார்ப்பார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் ‘சிறப்பு ஃபிகர்’ என்று கோலம் மாதிரியான சிக்கலான உருவங்களுக்கே தனிப் போட்டி நடந்தது. அதில் ஜெயித்த நிகொலாய் பானின்தான் ரஷ்யாவின் முதல் ஒலிம்பிக் சாம்பியன்.

*

கட்டாய ஃபிகரை எப்படிப் போடுவார்கள்? பழைய வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது தூக்கம் வந்தது உண்மை.

இசை கிடையாது. பளபள உடை கிடையாது. துடைத்துவைத்த ஐஸில் ஒரு பெண் தனியாக நிற்கிறார். இரண்டு வட்டங்கள் ஒட்டும் புள்ளியிலிருந்து ஒற்றைக் காலில் தள்ளிப் புறப்படுகிறார். வட்டத்தின் குறுக்களவு அவர் உயரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு வட்டத்தைச் சுற்றிப் புள்ளிக்கு வந்து, மற்ற காலால் அடுத்த வட்டம். இப்போது எட்டு விழுந்துவிட்டது. விஷயம் இனிமேல்தான். அதே கோட்டின் மேலேயே இரண்டாவது முறை போக வேண்டும். பிறகு மூன்றாவது முறை. மூன்று கோடும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிய வேண்டும். இது எளிய எட்டு. சிலவற்றில் வட்டத்தின் நடுவில் சட்டென்று முன்னோக்கிலிருந்து பின்னோக்காகத் திரும்ப வேண்டும்; சிலவற்றில் மூன்று வட்டங்கள்; சிலவற்றில் வட்டத்துக்குள் சின்னச் சுழி. சங்கத்தின் பட்டியலில் இப்படி 41 ஃபிகர்கள் இருந்தன.

அவர் ஒதுங்கியதும் நடுவர்கள் வருவார்கள். கனத்த கோட்டு போட்டவர்கள், குனிந்து, சிலர் மண்டியிட்டு, துப்பறிவாளர்கள் மாதிரி ஐஸை ஆராய்வார்கள். வட்டம் உருண்டையாக இருக்கிறதா? திரும்பிய இடத்தில் விளிம்பு மாறியிருக்கிறதா? எங்காவது இரட்டைக் கோடு விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் அந்த ஒரு கணம் அவர் சாய்வை இழந்திருக்கிறார். ஐஸ் பொய் சொல்லாது.

இதற்காக விடியற்காலையில் எழுந்து, தளத்தில் தனக்கென ஒரு துண்டு ஐஸை வாடகைக்கு எடுத்து, ஒரு நாளைக்குப் பல மணி நேரம் வட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் தாவல் பயிற்சி. இப்படிப் பல வருஷம்.

*

1951இல் வியன்னாவில் பிறந்தவர் பியாட்ரிக்ஸ் ஷூபா. எல்லோரும் அவரை ட்ரிக்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நடன ஸ்கேட்டிங்கைக் கொண்டாடிய அதே வியன்னா, நூறு வருஷம் கழித்துக் கோடு வரைவதில் நிகரில்லாத ஒருவரைத் தந்தது. கட்டாய ஃபிகர் போட்டவர்களில் அவரைப் போல் ஒரு பெண் இல்லை என்று சொல்பவர்கள் பலர். உயரமானவர். நிதானமானவர். தாவல்கள் சுமார்தான்.

ஜேனட் லின் 1953இல் அமெரிக்காவில் பிறந்தவர். குட்டையாக வெட்டிய பொன்னிற முடி, முகம் நிறையச் சிரிப்பு. அவர் ஸ்கேட் செய்வதைப் பார்த்தால் சிரமப்படுகிறார் என்றே தோன்றாது. 1969இலிருந்து 1973 வரை ஐந்து முறை அமெரிக்க சாம்பியன். ஆனால் உலக அளவில் ஃபிகரில் ஒவ்வொரு முறையும் ஷூபாவுக்கு வெகு பின்னால் நின்றார்.

1972, ஜப்பானின் சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்ஸ். அப்போது மதிப்பெண்ணில் ஃபிகருக்குப் பாதி, இசையோடு ஆடுவதற்குப் பாதி. ஷூபா ஃபிகரை முடித்தபோதே மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டார். லின் நான்காவது. பிறகு இசைச் சுற்று. லின் அதில் முதலிடம் பிடித்தார். நடுவில் ஒரு சுழற்சிக்காகக் குதித்தபோது தவறி, ஐஸில் உட்கார்ந்தபடி விழுந்தார். எழுந்தவர் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. அந்தச் சிரிப்புக்கு ஜப்பான் மயங்கிப்போனது. விழுந்த பிறகும் ஒரு நடுவர் அவருக்கு முழு மதிப்பெண்ணான 6.0 கொடுத்தார். ஷூபா அந்தச் சுற்றில் ஏழாவது.

இறுதி முடிவு: ஷூபாவுக்குத் தங்கம், கனடாவின் கேரன் மேக்னசனுக்கு வெள்ளி, லின்னுக்கு வெண்கலம். சில வாரங்கள் கழித்து கனடாவின் கல்கரியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலும் அதே மூவர், அதே வரிசை.

டிவி பார்த்தவர்களின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஃபிகர் சுற்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதை யார் காட்டுவார்கள், மணிக்கணக்கில்? அசல் ‘பிளேடு’ அது. அவர்கள் பார்த்தது இசைச் சுற்றை மட்டும். அதில் ஏழாவதாக வந்தவர் மேடையின் உச்சியில் நிற்கிறார். முதலாவதாக வந்தவர் மூன்றாம் படியில். ‘என்னய்யா அநியாயம் இது?’

நானும் அப்படித்தான் நினைத்தேன். இணையத்தில் இந்தக் கதை எங்கே வந்தாலும் ஷூபா ஒரு நகைச்சுவைத் துணுக்கு மாதிரிதான் வருவார்: ஏழாவதாக வந்து தங்கம் வாங்கியவர். ஆனால் அவர் ஏழாவதாக வரவில்லை. போட்டியின் பாதியில் ஏழாவது, மறுபாதியில் மற்ற எல்லோரையும் விட மிக மிக மேலே. விதி என்ன சொன்னதோ அதை அவர் செய்தார், உலகில் யாரும் செய்யாத அளவுக்குச் சிறப்பாக. அந்தப் பாதியை நாம் பார்க்கவில்லை என்பது அவர் குற்றமா?

*

ஷூபாவின் தங்கத்தால்தான் விதி மாறியது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். முழுதும் சரியில்லை. ஃபிகரின் பங்கு 60 சதவீதமாக இருந்து 50 ஆனதே அவர் ஜெயிப்பதற்கு முன்னால்தான். காற்று ஏற்கெனவே திரும்பியிருந்தது. சப்போரோ அதை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அடுத்த சீசனில், 1973இல், ‘குறுநிரல்’ என்று புதிதாக ஒரு சுற்று வந்தது. இசையோடு, குறிப்பிட்ட தாவல்களையும் சுழற்சிகளையும் இரண்டு நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். ஃபிகர் 40 சதவீதத்துக்கு இறங்கியது. லின் மாதிரியானவர்களுக்காகவே தைத்த சட்டை. ஷூபா ஓய்வு பெற்று ஐஸ் ஷோக்களுக்குப் போய்விட்டார். பாதை சுத்தமாகத் திறந்திருந்தது.

பிராட்டிஸ்லாவாவில் உலக சாம்பியன்ஷிப். லின் ஃபிகரில் இரண்டாவதாக வந்தார்! அவர் பயந்த பகுதி அது. அடுத்து குறுநிரல். அதில் இரண்டு முறை விழுந்தார், பன்னிரண்டாவது இடம். கடைசிச் சுற்றில் வழக்கம்போல முதலிடம். மொத்தத்தில் வெள்ளி. தங்கம் மேக்னசனுக்கு.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தனக்காகவே திறந்த கதவின் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டது மாதிரி. லின் உலகப் பட்டம் வாங்கவே இல்லை. அந்த வருஷமே ‘ஐஸ் ஃபாலீஸ்’ நிறுவனத்தோடு பதினான்கு லட்சம் டாலருக்கு மேல் மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டார். அப்போது விளையாட்டில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத பணம். ஆஸ்துமா தொந்தரவால் அதையும் சீக்கிரமே நிறுத்த வேண்டியிருந்தது.

*

மூன்றாமவர் மிதொரி இதோ. 1969இல் ஜப்பானின் நகோயாவில் பிறந்தவர். உயரம் 145 செ.மீ. அவ்வளவுதான். பயிற்சியாளர் மச்சிகோ யமாதாவின் வீட்டிலேயே தங்கி வளர்ந்தார். அவர் தாவலைப் பார்த்தால், ‘இவ்வளவு சின்ன உடம்பு இவ்வளவு உயரம் எப்படிப் போகிறது?’ என்றுதான் கேட்கத் தோன்றும்.

தாவல்களில் ஆக்ஸல் என்று ஒன்று உண்டு. நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சனின் பெயர். மற்ற தாவல்களில் பின்னோக்கிப் போய் எழும்புவார்கள். இதில் மட்டும் முன்னோக்கி. இறங்குவதோ பின்னோக்கி. அதனால் அரைச் சுற்று அதிகம். ‘டிரிபிள் ஆக்ஸல்’ என்றால் காற்றில் மூன்றரைச் சுற்று. 1988இல் அதைப் போட்டியில் செய்து இறங்கிய முதல் பெண் இதோ.

ஆனால் ஃபிகர்? அந்த வருஷம் கல்கரி ஒலிம்பிக்ஸில் ஃபிகரில் பத்தாவது. இசைச் சுற்றில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மொத்தத்தில் ஐந்தாவதுதான் வர முடிந்தது. 1989இல் பாரிஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கு ஃபிகரைக் கடுமையாகப் பழகிக்கொண்டு போனார். அதில் ஆறாவது வந்தார். மற்ற இரண்டு சுற்றிலும் முதலிடம். தங்கம். ஒற்றையர் பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியர் அவர்.

ஃபிகருக்கு அதற்குள் நாள் குறித்தாகிவிட்டது. டிவிக்கு அது உதவவில்லை. ஐஸ் தளத்தின் நேரத்தையும் பயிற்சிச் செலவையும் தின்றது. காலி அரங்கில் நடுவர்கள் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களுக்கே மேலிடம் கொடுக்கிறார்கள் என்ற புகாரும் பழையது. 1988இல் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி அதை நீக்க முடிவு செய்தது. 1990இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்தான் கடைசி. அங்கே இதோ ஃபிகரில் மறுபடியும் பத்தாவது. மற்ற இரண்டு சுற்றிலும் முதலாவது. வெள்ளி. தங்கம் அமெரிக்காவின் ஜில் ட்ரெனரிக்கு. சாகப்போகிற விதி, போகிற போக்கில் கடைசியாக ஒருவரைக் கடித்துவிட்டுப் போனது.

சரி, 1991இல் ஃபிகர் இல்லை. இனி இதோவைத் தடுக்க யார்? ம்யூனிக்கில் என்ன நடந்தது தெரியுமா? பயிற்சி நேரத்தில் பிரெஞ்சு வீராங்கனை ஒருவர் மேல் மோதி அடிபட்டார். குறுஞ்சுற்றில் தாவலுக்கு எழும்பியவர் தளத்தின் ஓரத்தில், டிவி கேமராவுக்காக விட்டிருந்த திறப்பு வழியாக ஐஸுக்கு வெளியே போய் விழுந்தார். உடனே எழுந்து திரும்பி வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். நான்காவது இடம். டிவிக்காக ஒழித்த ஃபிகர், டிவிக்காகத் திறந்த ஓட்டை. கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள். 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்ஸில் முதல் சுற்றில் விழுந்தார். கடைசிச் சுற்றில் டிரிபிள் ஆக்ஸலில் மறுபடி விழுந்தார். ஆட்டம் முடியப்போகும் நேரம், கால்கள் களைத்த பிறகு, அதே தாவலை இன்னொரு முறை போட்டு இறங்கினார். ஒலிம்பிக்ஸில் அதைச் செய்த முதல் பெண். வெள்ளி.

லின்னுக்கு நடந்ததுதான் இதோவுக்கும். தடையாக இருந்த விதி போன பிறகும் தங்கம் வரவில்லை. அப்படியென்றால் விதியின் மேல் நாம் போட்ட பழி பொய்யா? அப்படியும் இல்லை. 1990 தங்கம் இதோவுக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் ஒரு விதியை எடுத்தால் நியாயம் தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை.

*

ஃபிகர் போன பிறகு என்ன வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1994 ஒலிம்பிக்ஸில் பெண்கள் தங்கம் 16 வயது ஒக்சானா பையூலுக்கு. 1998இல் 15 வயது தாரா லிப்பின்ஸ்கிக்கு. லிப்பின்ஸ்கிக்கு 18 வயதில் இடுப்பில் அறுவை சிகிச்சை. எட்டு பழகப் பல வருஷம் ஆகும். அது இருந்தவரை சின்னப் பிள்ளைகள் சட்டென்று உச்சிக்கு வர முடியவில்லை, அது ஒரு தடுப்புச் சுவராக இருந்தது என்று ஒரு வாதம் உண்டு. நான் இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஃபிகர் கோலோச்சிய காலத்திலேயே, 1928இல், நார்வேயின் சோன்யா ஹென்னி 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார். ஆனாலும் வாதத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. வட்டம் போடும் திறமைக்கு லேசான, வளராத உடம்பு தேவையில்லை. காற்றில் நான்கு சுற்று சுற்ற அது ரொம்பவே உதவுகிறது.

2022 பெய்ஜிங்கில் அது உச்சத்துக்குப் போனது. ரஷ்யாவின் கமீலா வலியேவா, 15 வயது, ஒலிம்பிக்ஸில் நான்கு சுற்றுத் தாவலை இறங்கிய முதல் பெண். அதே வாரம் ஊக்கமருந்துச் சோதனை முடிவு வெளிவந்தது. கடைசிச் சுற்றில் திரும்பத் திரும்ப விழுந்து நான்காவது வந்தார். பிறகு அவருக்கு நான்கு வருஷத் தடை. அந்த வருஷமே சங்கம் பெரியவர்கள் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவு செய்தது. ஷூபாவின் காலத்தில் கேட்ட கேள்விதான் மறுபடியும் வந்து நின்றது: எந்த உடம்பு ஜெயிக்க வேண்டும்? அதை ஐஸ் முடிவு செய்வதில்லை. விதிப் புத்தகம்தான் முடிவு செய்கிறது.

*

1998 நகானோ ஒலிம்பிக்ஸில் தீபம் ஏற்றியவர் இதோ. அதற்கும் பல வருஷம் கழித்து, 2011இல், ஜெர்மனியின் ஓபெர்ஸ்டோர்ஃபில் நடக்கும் வயதுவந்தோர் போட்டிக்கு வந்தார். அங்கே வருகிறவர்கள் ஆபீஸ் வேலை முடித்துவிட்டு மாலையில் பழகுகிறவர்கள். அவர்களோடு சேர்ந்து ஆடினார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் வந்து போட்டியிட்டார். அந்த வீடியோவில் அவர் சிரிக்கிறார். 1991இல் கேமரா ஓட்டையிலிருந்து எழுந்து வந்தபோது இருந்த பதற்றம் முகத்தில் துளியும் இல்லை.

கட்டாய ஃபிகரையும் சிலர் விடவில்லை. சில வருஷங்களாக, கறுப்பாக்கிய ஐஸில் அதற்கென்றே ஒரு போட்டி நடத்துகிறார்கள். கறுப்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிகிறது. நடுவர்களுக்கு மட்டும் தெரிந்தது இப்போது யாருக்கும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஷூபாவின் பழைய வீடியோவுக்குப் போனேன். இந்த முறை தூக்கம் வரவில்லை. மூன்றாவது சுற்றிலும் அதே கோட்டில் அதே இடத்தில் அவர் கால் போய் நிற்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

லைசென்ஸ் வாங்கிய நாளுக்குப் பிறகு நான் ஒரு முறைகூட வண்டியில் எட்டு போட்டதில்லை. யாரும் போடுவதில்லை. ஆனால் நெரிசலில், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில், காலை ஊன்றாமல் மெதுவாக வண்டியை வளைத்து எடுக்கும்போது அந்த எட்டுதான் கைக்கு வருகிறது. இன்றைக்கு ஐஸ் மேல் ஒருவர் வளைந்து திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் காலுக்குக் கீழே பார்க்கிறேன். அங்கே ஒரு கோடு விழுகிறது. கொஞ்ச நேரத்தில் வண்டி வந்து அதைத் துடைத்துவிட்டுப் போய்விடும்.